மறைக்க முயன்ற மனை

அமெரிக்க நாட்டின் மேலைக் கரையில் அமைந்தது கலிபோர்னியா மாநிலம். அதன் கரை அலைகளால் அரிக்கப்பட்டு வருதலைப் பதிவு செய்ய விழைந்த கென்னத் அடெல்மன் என்பார், ஹெலிகாப்டரில் பறந்து கரை நெடுகப் படம் பிடித்தார். ஏறத்தாழ 12,000 படங்கள் இணையத்தில் எவரும் காணுமாறு வைக்கப்பட்டன. அவற்றுள் 3850 என்னும் எண்ணுடைய படத்தில், மாலிபு என்னும் ஊரிலுள்ள பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டின் மாளிகையும் இருந்தது.

தம் இல்லம் உலகோர் பார்வைக்கு உள்ளாதலை அவர் விரும்பவில்லை. அதனைக் குற்றமென்று எவ்வாறு கூறுவது? புகழ் பெற்றார்க்கும் வீடு வீடேயன்றோ! 2003-ஆம் ஆண்டு, 5 கோடி டாலர் இழப்பீடு வேண்டி வழக்குத் தொடுத்தார். அதுகாறும் அப்படம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளப்பட்டது ஆறே முறை. அவற்றுள்ளும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் இறக்கியவை. வழக்குச் செய்தி பரவியதும், ஒரு திங்களுக்குள் 4,20,000-க்கும் மேற்பட்டோர் அப்படங்களை நாடி வந்தனர். வழக்கும் தள்ளுபடியாயிற்று, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் அவர் தலைமேல் விழுந்தது.

ஏட்டுச் சுவடியைப் படியெடுக்க நாள் பல வேண்டும். மின்படமோ இமைப்பொழுதில் பல்கும். ‘மறைக்கின்றார்’ என்னும் சொல்லே ஆவலைத் தூண்டும். நகைப்பும் சேருமாயின் தடுப்பார் இலர். 2005-இல் மைக் மாஸ்னிக் என்னும் எழுத்தாளர் இதற்கு ‘ஸ்ட்ரைசாண்ட் விளைவு’ என்றே பெயரிட்டார்.

பாடகிக்குப் பொருளும் புகழும் இருந்தன. இவை இல்லாத எளியார் ஒருவரின் படம் ஏளனத்திற்கு உள்ளாகும்போது, முறையிட்டால் அது மேலும் பரவுமோ என்று அஞ்சி அவர் வாய் திறவாதிருக்கின்றார்.