கூம்புச் சங்கின் நஞ்சும் வலி நீக்கும் மருந்தும்

நத்தை மெல்ல ஊர்வது; மீனோ நொடியில் விலகி ஓடுவது. ஆயினும், வெப்பக் கடல்களில் வாழும் கூம்புச் சங்குகளுள் சில மீனையே இரையாகக் கொள்கின்றன. துளையுள்ள ஈட்டி போன்ற பல்லொன்றைப் பாய்ச்சி, அதன்வழி நஞ்சைச் செலுத்துகின்றன. மீன் அப்போதே செயலற்றுப் போகிறது. இச்சங்கினால் மனிதரும் மாண்டதுண்டு. ஆகவே, அழகுக்கு மயங்கி மாணவர் இதனை உயிருடன் கையில் எடுத்தல் ஆகாது.

பல்தொமேரோ ஒலிவேரா அமெரிக்காவில் பயின்று, 1970ஆம் ஆண்டை ஒட்டித் தாயகமான பிலிப்பீன்சுக்குத் திரும்பினார். தம் துறையான டி.என்.ஏ. ஆய்வுக்குரிய கருவிகள் அங்கு இல்லை. எளிதில் கிடைத்த சங்கின் நஞ்சை லூர்துஸ் குரூசுடன் இணைந்து ஆராயத் தொடங்கினார். நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்துச் சுண்டெலியின் வயிற்றில் செலுத்தினர். எலியை முடக்கிய கூறுகளே கருத்தில் கொள்ளப்பட்டன.

பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில், கிரெய்க் கிளார்க் என்னும் இளம் மாணவர் அக்கூறுகளை எலியின் மூளையிலேயே செலுத்திப் பார்த்தார். ஒன்று எலியை உறங்க வைத்தது. மற்றொன்று நடுங்க வைத்தது. உறங்க வைத்த கூறு குட்டிகளைத்தான் உறக்கியது. வளர்ந்த எலிகளோ அதனால் ஓயாமல் அலைந்தன! ஈட்டியைக் காட்டிலும் இம்முடிவே நமக்குப் பெருவியப்பைத் தருகிறது. வயிற்றுச் சோதனையில் வாளாவிருந்தவையும் தத்தமக்குரிய வினையைக் கொண்டிருந்தன.

இக்கூறுகள் பெப்டைடுகள், அதாவது, அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அவ்வாய்வகத்தில் சேர்ந்த மைக்கேல் மெக்கின்டாஷ், கோனஸ் மேகஸ் என்னும் இனத்தின் நஞ்சிலிருந்து, எலியை நடுங்கச் செய்த ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். அதில் 25 அமினோ அமிலங்கள் உள்ளன. மூன்று கந்தகப் பிணைப்புகள் அதனை இறுக மடித்து வைத்துள்ளன.

வலிச் செய்தி தண்டுவடத்தை அடையும்போது, நரம்பின் நுனியிலுள்ள ஒருவகை வாயில் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. அதன்பின்னரே செய்தி அடுத்த நரம்புக்குச் செல்லும். இப்பெப்டைடு அவ்வாயிலை அடைக்கிறது. செய்தி அங்கேயே தடைபடுகிறது. ஆய்வகத்தில் செய்த அதே பெப்டைடு, சிகோனோடைடு என்னும் பெயரில் 2004இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. மார்பீனைப்போல் இது நோயாளியை அடிமைப்படுத்துவதில்லை.

ஆனால், இதனை விழுங்கிப் பயனில்லை. உடலில் பொருத்திய சிறு பம்பின் வழியாகத் தண்டுவட நீரிலேயே செலுத்த வேண்டும். அளவு சற்று மிகுந்தாலும் மனக்குழப்பம் நேரலாம். எனவே, வேறெம் மருந்துக்கும் அடங்காத கடும் வலியால் துன்புறுவோர்க்கே இன்று இது தரப்படுகிறது.