உப்புச் சாலையில் ஓடிய கார்

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். பிறகு சுழி பார்க்கிறார். நாலு தப்படி நடக்கவிட்டுக் காலையும் குளம்பையும் கவனிக்கிறார். தோலின் மினுமினுப்பை மட்டும் கண்டு விலை பேசுகிறவரைப் பார்த்துத் தரகரே உள்ளூரச் சிரித்துக்கொள்வார். உபயோகித்த மோட்டார் காரை வாங்குவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். ஆனால் எவ்விடத்தில் 'பல்லைப் பார்ப்பது' என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பனி கொட்டும் மலைநாடுகளில் அது வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. அத்தகைய நாடு ஒன்றில் எளிய குடும்பத்தார் பழைய கார் வாங்கும் விதத்தை அங்கத்தினர்களுக்கு விவரிக்க விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கோடியில், கனடா எல்லையை ஒட்டி, வெர்மான்ட் என்ற சிறு மாநிலம் அமைந்திருக்கிறது. 'பச்சை மலைகள்' எனப்படும் மலைத்தொடர் வடக்கு தெற்காக அதனைப் பிளந்து செல்கிறது. 2020 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 6 லட்சத்து 43 ஆயிரம் பேர்தாம். மூவரில் இருவர் கிராமவாசிகள். பால் பண்ணை, மேப்பிள் மரத்துப் பாகு, மரவேலை ஆகியன பழந்தொழில்கள். மாநிலத்தின் பெரிய நகரமான பர்லிங்டனிலேயே ஆண்டுக்குச் சராசரி 80 அங்குல அளவில் பனி விழுகிறது. மலைச்சரிவுகளில் அதனினும் மிகுதி. சாலைகளில் பாதிக்கு மேற்பட்டவை தார் காணாத மண்ணும் சரளையுமான சாலைகள்.

இங்கே கார் என்பது ஆடம்பரமன்று. கலப்பையையும் தறியையும் போன்ற ஒரு கருவியே ஆகும். மலைக்கிராமத்துக்குப் பஸ் வருவது அரிது. வேலைத்தலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மளிகைக் கடை யாவும் பல மைல்களுக்கு அப்பால் இருக்கின்றன. ஜனவரி மாதத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கும் நாட்கள் உண்டு. அத்தகைய நாளில் வழியில் நின்றுபோகும் வண்டி, சம்பளத்தை மட்டுமன்றி உயிரையும் ஆபத்துக்குள்ளாக்கும். புதுக்காரின் விலையோ சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. ஆகவே பிறர் ஓட்டிய காரைக் கடன் பெற்றுத்தான் வாங்குகிறார்கள். தவறிய வண்டியை வாங்கிவிட்டால், கார் ஓடாமல் கொல்லையில் நிற்க, தவணை மட்டும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருக்கும்.

கார் அவ்வாறு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணமாவது இஞ்சின் அன்று, உப்பு.

சாலையில் உறைந்த பனியைக் கரைப்பதற்கு உப்புத் தூவும் பழக்கம் அந்நாட்டில் மிகப் பழையதன்று. வெர்மான்டின் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் 1938 ஆம் ஆண்டில்தான் அது பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எங்கும் பரவியது. சாதாரண உப்பு, பூஜ்யத்துக்குக் கீழே 9 டிகிரி அளவுக்குக் குளிர் இறங்கியதும் வேகம் குறைந்துவிடுகிறது. எனவே கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகிய வேறு உப்புக்களையும் கரைத்துத் தெளிக்கிறார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் குணமுடையவை. சக்கரம் வாரியடிக்கும் உப்புச்சேறு வண்டியின் அடியிலுள்ள மூலைமுடுக்குகளில் போய் ஒட்டிக்கொண்டு, பனி போன பிறகும் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இதில் பலரும் அறியாத விஷயம் ஒன்றுண்டு. கடுங்குளிரில் துருப் பிடிக்கும் வேகம் மிகவும் குறைவு. வெதுவெதுப்பும் ஈரமும் சேரும்போதுதான் அது முழு மூச்சில் வேலை செய்கிறது. ஆகவே உப்பில் நனைந்த காரைக் கழுவாமல் கணப்பு வசதியுள்ள கொட்டகையில் இரவுதோறும் நிறுத்துகிறவர், அதனைப் போற்றிப் பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டு அரிப்புக்கு உரம் போடுகிறார். வெளியில் பனியில் கிடந்த வண்டியின் அடிப்பாகம் அதைவிட நல்ல நிலையில் இருப்பதுண்டு. 'எப்பொழுதும் கொட்டகையில் வைக்கப்பட்ட வண்டி' என்று விற்பவர் பெருமையாகக் கூறினால், கணப்புள்ள கொட்டகையா, எத்தனை நாளைக்கு ஒருமுறை அடிப்பாகம் கழுவப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நலம்.

வெர்மான்டில் ஓடும் கார்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பெற்று, தேறியதற்கான சீட்டு முன் கண்ணாடியில் ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். பிரேக்கும் விளக்கும் மட்டுமல்ல, துருவும் இச்சோதனையில் பார்க்கப்படுகிறது. தளத்தகட்டில் ஓட்டை விழுந்து புகை உள்ளே வரக்கூடிய நிலையில் வண்டி இருந்தால் அது தேறாது. இஞ்சின் இன்னும் 1 லட்சம் மைல் ஓடத்தக்கதாயிருந்தும், அடிச்சட்டம் இற்றுவிட்டதால் பழைய இரும்புக்குப் போகும் கார்கள் அங்கு ஏராளம். வெட்டி ஒட்டிப் பழுதுபார்க்கும் கூலி சில வேளைகளில் காரின் கிரயத்தையே மிஞ்சிவிடுகிறது.

அதனால் அனுபவமுள்ளவர்கள் காரைச் சுற்றி வந்து மேற்பூச்சை ரசிப்பதில் பொழுது போக்குவதில்லை. பழைய சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, கையில் விளக்குடன் வண்டிக்கடியில் படுத்துவிடுகிறார்கள். கதவுக்குக் கீழேயுள்ள பட்டை, சக்கர வளைவுகளின் உட்புறம், வில்கள் பொருந்தும் இடங்கள், பின் ஆக்ஸிலைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றைத் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கிறார்கள். மேலே மட்டும் படர்ந்த துருவானால் முனை உள்ளே இறங்காது. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. பிஸ்கோத்துப்போல் உதிர்ந்தால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அடிப்பாகம் முழுதும் கறுப்பாகப் புதுத் தார்ப்பூச்சுடன் பளபளத்தால் மேலும் எச்சரிக்கை தேவை. துருவின்மேல் பூசிய தார் ஈரத்தை உள்ளே அடைத்துவைத்து அரிப்பை வளர்க்கும். வாங்குபவரின் கண்ணுக்கும் திரையிடும்.

பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அவை வெளியே சொரசொரப்பாகத் தோன்றி, ஒருநாள் பள்ளத்தில் இறங்குகையில் வெடித்துவிடும். 1999 முதல் 2007 வரை வெளிவந்த, ஒரு பெரிய கம்பெனியின் ஏறக்குறைய 50 லட்சம் வண்டிகளில் இவ்வாறு குழாய்கள் இற்றுப்போவது பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு இலாகா விசாரணை நடத்தியது. 2015 ஆம் ஆண்டில், இது உற்பத்திக் குற்றமன்று, உப்பினால் நேரும் தேய்மானமே என்று கூறி அவ்விசாரணை முடிக்கப்பட்டது. அடிப்பாகத்தைக் கழுவிச் சோதித்துக்கொள்ளும்படி சொந்தக்காரர்களுக்கு ஆலோசனையும் கூறப்பட்டது. அதாவது, அந்தப் பொறுப்பு வண்டியோடு சேர்ந்து வாங்குபவர் தலைக்கு வந்து சேர்கிறது.

எல்லா வழக்குகளும் அவ்வாறு முடியவில்லை. டொயோட்டா கம்பெனியின் டகோமா, டன்ட்ரா, செக்கோயா என்ற வண்டிகளின் அடிச்சட்டம் துருவினால் துளைவிழுவது குறித்துச் சொந்தக்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், 2016 ஆம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. சோதனையில் துளை காணப்பட்டால் கம்பெனி தன் செலவிலேயே சட்டத்தை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆகவே 2005 முதல் 2010 வரை செய்யப்பட்ட டகோமாவை வாங்க நினைப்பவர்கள், சட்டம் மாற்றப்பட்டதா என்று முதலில் கேட்கிறார்கள். மாற்றப்பட்டிருந்தால் அதற்கான ரசீது மைல் கணக்கைவிட மதிப்புடையதாகிறது. தனித்தனியே கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று ஐயுறத்தக்க ஒன்றை, சொந்தக்காரர்கள் சேர்ந்து நின்று பெற்றார்கள் என்பதை நம்மவர்கள் கவனிப்பார்கள்.

இனி, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்மான்டின் எந்தக் கிராமத்திலும் ஜப்பானிய சுபாரு கார் கண்ணில் படாமல் போகாது. நான்கு சக்கர இழுவையுள்ள சுபாரு கார் 1970-களின் நடுவில் அமெரிக்காவுக்கு வந்தது முதல், பனிநாட்டு விவசாயிகளும் ஆசிரியர்களும் அதனை விரும்பி வாங்கிவருகிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேல்மண் இளகி, அடியில் உறைந்த மண் நீரை உள்ளே விடாததால் மண்சாலைகள் களிச்சேறாகிவிடும். இதனைச் 'சேற்றுப் பருவம்' என்றே அழைக்கிறார்கள். அக்காலத்தில் தரைக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள உயரமும் நான்கு சக்கர இழுவையும் பெருந்துணை புரியும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இழுவைக்காகவே கூடுதல் விலை கொடுத்து, தேய்ந்த டயருடன் வண்டியை ஓட்டிச் செல்கிறவர்களைப் பார்த்தால் நமக்கு வியப்பாகவே இருக்கிறது. நான்கு சக்கர இழுவை, வண்டியைப் புறப்படச் செய்யும், நிறுத்தாது. பனியில் வண்டியை நிறுத்துவது டயர்தான். பனிக்கால டயரின் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழும் இறுகிவிடாதபடி தயாரிக்கப்படுகிறது. மூன்று முகடுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் பொறித்த முத்திரை அதற்கு அடையாளம். வெர்மான்டில் இத்தகைய டயர் கட்டாயமில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள கியூபெக் மாகாணத்திலோ 2008 முதல் குளிர்காலத்தில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் பனிக்கு அது உதவாது. மேலும், நான்கு சக்கர இழுவை வண்டியில் நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். ஒன்று புதிதும் மூன்று பழையனவுமாக இருந்தால் கியர் அமைப்பு பழுதாகும். வேறு வேறு கம்பெனிகளின் டயர்கள் மாட்டிய வண்டியைக் கண்டால், நான்கு புது டயரின் விலையை உடனே கிரயத்தில் கழித்துப் பேசவேண்டும். எளிய குடும்பத்துக்கு, துருவில்லாத முன்சக்கர இழுவைக் காரும் நல்ல பனி டயர் நான்கும் பல சமயங்களில் சிக்கனமான தேர்வாகும் என்பது நம் கருத்து.

எந்த மாதத்தில் வாங்குவது என்பதில் ஒரு சங்கடம் உண்டு. முதற்பனி விழுந்ததும் இத்தகைய வண்டிகளுக்குக் கிராக்கி ஏறுகிறது; ஆகவே விலை பேசக் கோடையே உகந்தது. ஆனால் வண்டியின் உண்மைக் குணம் வெளிப்படுவது குளிரில்தான். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பாட்டரியின் திறன் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. எண்ணெயோ கெட்டிப்பட்டு இஞ்சின் சுழல மறுக்கிறது. குளிர்காலத்தில் பார்க்கச் செல்கிறவர் விற்பவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்: 'நாங்கள் வருமுன் இஞ்சினைச் சூடாக்க வேண்டாம்.' போனதும் இஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தால் சொல் காப்பாற்றப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வருகின்றன. 2023 ஜூலையில் வெர்மான்டில் பெருவெள்ளம் ஏற்பட்டு, தலைநகரான மான்ட்பீலியரின் கடைவீதியே நீரில் மூழ்கியது. அவ்வாறான வண்டிகளில் கால்மிதியின் அடியிலும் இருக்கையின் இரும்புத் தடத்திலும் வண்டல் ஒட்டியிருக்கும். மூடிய கண்ணாடிக்குள் மக்கிய நாற்றம் வீசும்.

வியாபாரிகள் தாம் விற்கும் ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும், உத்தரவாதம் உண்டா, 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறதா என்று தெரிவிக்கும் தாளை ஒட்டவேண்டும் என்று 1985 முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. தனி மனிதர் தம் காரை விற்கும்போது இவ்விதி செல்லாது. எவரிடம் வாங்கினாலும், விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து வண்டியைத் தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்வதே முறை. அதற்கு இணங்காதவரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டுவதில்லை.

பணத்துக்கு அவ்வூர் மக்கள் பலர் நாடுவது கூட்டுறவுக் கடன் சங்கங்களையே. இதன் வரலாறு நமக்கு உவகையளிப்பது. பாஸ்டன் நகர வணிகரான எட்வர்ட் ஃபைலீன் 1907 ஆம் ஆண்டில் இந்தியா வந்தபோது, வங்காளத்துக் கிராமக் கடன் சங்கங்களின் வேலையை அறிந்து வியந்தார். ஊர் திரும்பியவர், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 1909 ஆம் ஆண்டின் கடன் சங்கச் சட்டம் நிறைவேறத் துணை நின்றார். நாட்டின் முதல் கடன் சங்கம், கனடாவின் டெஜார்டின் உதவியுடன் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில் 1908 இல் தோன்றியது. கார்க் கடனில் அங்கத்தினர் கவனிக்க வேண்டியது வட்டி மட்டுமன்று. ஐந்தாண்டுத் தவணை எழுதிக்கொடுக்குமுன், வண்டியின் அடிச்சட்டம் ஐந்தாண்டு நிற்குமா என்று மெக்கானிக்கைக் கேட்டறிவது அவசியம். மூன்று பனிக்காலமே தாங்கும் என்று அவர் சொன்னால், தவணையும் மூன்றாண்டுக்குள் அடங்க வேண்டும்.

வாங்கிய பின் செய்யவேண்டிய முதற்காரியம் நெசவாளர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆட்டு உரோமத்தைக் கழுவும்போது வெளிப்படும் லனோலின் என்ற கொழுப்பைக் கலந்த எண்ணெயைக் காரின் அடிவயிறு முழுவதும் பீய்ச்சுகிறார்கள். ஆட்டின் உரோமத்தில் நீர் ஊறாமல் காக்கும் அக்கொழுப்பு, இரும்பிலும் உப்புநீர் ஒட்டாமல் காக்கிறது. வெர்மான்ட் ஒருகாலத்தில் மெரினோ ஆடுகளின் நாடு. 1840 ஆம் ஆண்டில் அங்கு சுமார் 17 லட்சம் ஆடுகள் இருந்தன, தலைக்கு ஐந்துக்கு மேல். அவ்வாடுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இந்த எண்ணெய் தாரைப்போல் இறுகுவதில்லை. ஆகவே சேற்றிலும் நீரிலும் சிறிது சிறிதாகக் கழுவிப் போகும். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், முதல் உப்பு வண்டி சாலைக்கு வருமுன், மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும்.