பழைய போன்லயும் படம் தெரியணும்!

மினி புராஜெக்ட்டுக்குக் காஞ்சிபுரம் பட்டுச்சேலை விக்கிற வெப்சைட் ஒண்ணு பண்றீங்கன்னு வைங்க. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு டிவ், பேக்கிரவுண்ட் இமேஜா படம், ஆஸ்பெக்ட்-ரேஷியோ 3/4. கிரிட் போட்டு வரிசைக்கு மூணு. உங்க லேப்டாப்ல சூப்பர். அதே பக்கத்தை முசரவாக்கத்துல ஒரு நெசவாளர், தான் நெய்த சேலை என்ன விலைக்குப் போகுதுன்னு பார்க்க ஜியோபோன்ல திறந்தா?

ஜியோபோன் 2017-ல வந்தது. திரை அகலம் 240 பிக்சல். அதோட கைஓஎஸ் 2.5-ல ஓடுறது ஃபயர்ஃபாக்ஸ் 48 காலத்து எஞ்சின். கிரிட் ஃபயர்ஃபாக்ஸ் 52-லதான் வந்தது. பரவாயில்ல, கிரிட் இல்லன்னா சேலைகள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரும். சின்னத் திரைக்கு அதுவே வசதி. ஆஸ்பெக்ட்-ரேஷியோ வந்ததோ 2021-ல. அது புரியாததால டிவ்வோட உயரம் பூஜ்யம். படமே காணாம போயிடும்!

இதுக்கு வழி சிஎஸ்எஸ்லயே இருக்கு. புரியாத வரியை பிரவுசர் எரர் காட்டாம தாண்டிடும். ஒரே பிராப்பர்ட்டியை ரெண்டு தடவை எழுதினா, புரிஞ்சதுல கடைசி வரிதான் செல்லும். அதனால பழசை மேல எழுதுங்க, புதுசைக் கீழ எழுதுங்க. உதாரணமா, ஹைட் 100விஹெச், அடுத்த வரியில ஹைட் 100டிவிஹெச். பழைய பிரவுசர் முதல் வரியோட நிக்கும்.

பல வரிகள் சேர்ந்து மாறணும்னா @சப்போர்ட்ஸ். ஃபயர்ஃபாக்ஸ்ல இது 2013-லயே வந்தாச்சு, ஜியோபோனுக்கும் தெரியும். வெளியில ஹைட் 300 பிக்சல்னு குடுங்க. @சப்போர்ட்ஸ்க்குள்ள ஆஸ்பெக்ட்-ரேஷியோ போட்டு, ஹைட்டை மறக்காம ஆட்டோன்னு மாத்துங்க. மாத்தலன்னா புது பிரவுசர்லயும் உயரம் 300-லயே நின்னுடும்.

ஒரு இடத்துல மட்டும் உஷார். ஃப்ளெக்ஸ்பாக்ஸ்ல கேப் வேலை செய்யுமான்னு @சப்போர்ட்ஸ்கிட்ட கேட்டா நம்ப முடியாது. கிரிட்ல மட்டும் கேப் தெரிஞ்ச பிரவுசரும் "தெரியும்"னுதான் சொல்லும். அங்க மார்ஜினே பாதுகாப்பு.

பழைய போன் கையில இல்லையா? @சப்போர்ட்ஸ் கண்டிஷன்ல பிராப்பர்ட்டி பேரைத் தப்பா எழுதிப் பாருங்க. அந்த பிளாக் மொத்தமா ஆஃப் ஆயிடும். விண்டோவையும் சின்னதாக்குங்க. பக்கம் அழகா இருக்கணும்னு இல்ல. சேலைப் படமும் விலையும் போன் நம்பரும் தெரியுதா? அப்போ சப்மிட் பண்ணலாம்.