ஒரே நாளில் மதுரை

மதுரை மாநகரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் நமக்கு எப்பொழுதுமே ஒரு சந்தேகம் உண்டு. இருந்தும் சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா வண்டி ஒன்றில் நாமும் இடம் பதிவு செய்துகொண்டோம். காரணம் நம் தாயார். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்து, வயது எழுபத்தாறு ஆகியும், கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெதற்கும் அவர் மதுரைக்குப் போனதில்லை. தாயார், மனைவி, குழந்தைகள் இருவர், ஒரு கூடை பன்னீர்த் திராட்சை ஆகிய பரிவாரத்துடன் விடியற்காலை நான்கு மணிக்குக் கம்பத்தில் பஸ் ஏறினோம்.

எட்டு மணிக்கு மீனாட்சியம்மன் கோயில். வழிகாட்டி வாட்டசாட்டமான இளைஞர், குரலும் அதற்கேற்றதுதான். பொற்றாமரைக் குளத்தையும் கோபுரங்களையும் காட்டினார். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் உண்மையில் 985 தான் என்று சொல்லிக் குழந்தைகளை எண்ணத் தூண்டினார். கட்டிய மன்னர்களின் பெயரெல்லாம் அவர் நாவில் தயாராக இருந்தன. ஆனால் 1939 ஜூலை 8 ஆம் தேதி, வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் நுழைந்த செய்தியை அவர் சொல்லவில்லை. பின்னாளில் அமைச்சரான கக்கனும் அன்று நுழைந்தவர்களில் ஒருவர். கற்றூண்களைப் போலவே அந்த நாளும் கோயிலின் ஒரு பகுதி அல்லவா? குழந்தைகளுக்கு நாமே எடுத்துச் சொன்னோம்.

அடுத்தது திருமலை நாயக்கர் மகால். 1636 ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ கால் பங்குதான் என்றார் வழிகாட்டி. எஞ்சியதன் எதிரிலேயே மனிதன் எறும்பாகி விடுகிறான். தாயார் ஒரு தூணைக் கையால் அணைக்க முயன்று தோற்று, "இத்தனை பேருக்குச் சோறு போட்டது யாராம்?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. மகாலுக்கு ஒதுக்கிய நாற்பது நிமிஷம் முடிந்துவிட்டது.

பகலுணவுக்குப் பிறகு வண்டி வைகைப் பாலத்தின்மேல் ஏறியது. "இதுதான் வைகை" என்று வழிகாட்டி இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். எட்டிப் பார்த்தோம். அகன்ற மணற்படுகை, அதன் நடுவே ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் ஓர் ஒடுங்கிய கறுத்த நீரோட்டம். தாயார் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டார்.

"ஏப்பா தம்பி, எங்க ஊர்லே ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போகுதே தண்ணி, அது எங்கே போச்சு?"

"அது அணையிலே நிக்குது பாட்டி" என்றார் வழிகாட்டி. வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். தாயார் சிரிக்கவில்லை.

தமுக்கம் அரண்மனையில் 1959 இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், மகாத்மா கடைசியாக அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடையின் முன்னால் வண்டிக் கூட்டம் முழுவதும் பேச்சற்று நின்றது. 1921 செப்டம்பர் 22 இல் அவர் இதே மதுரையில்தான் ஏழைக் குடியானவனைப் போல முழத்துண்டு உடுத்தத் தொடங்கினார் என்று வழிகாட்டி தணிந்த குரலில் சொன்னார். அந்த இடத்தில் அவர் மிக நன்றாகப் பேசினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த இடமே குளமாயிற்று என்பார்கள். பல ஆண்டுகள் வறண்டு, பையன்கள் பந்தாடும் மைதானமாகவே இருந்த குளம் அது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே இப்பொழுது மறுபடியும் தண்ணீர் வருகிறது. மைய மண்டபத்தின் நிழல் நீரில் அசைவதைத் தாயார் வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம ஊர்த் தண்ணியா?" என்று கேட்டார்.

வழிகாட்டி நம்மைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை, பென்னிகுவிக் என்ற பொறியாளர் தலைமையில் 1895 இல் முடிந்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பிய கதையைச் சொன்னோம். அந்த நீர் பள்ளத்தாக்கில் 14,700 ஏக்கருக்கு மேற்பட்ட இருபோக நிலத்தை நனைத்து, தேனிக்கருகே வைகையில் கலந்து, 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, பிறகு மதுரைக்குக் குடிநீராகிறது. அணை கட்டும்போது காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலியாட்களுக்கு எந்தக் கோபுரமும் இல்லை. மதுரையின் ஒவ்வொரு குடத்திலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

பெருமிதத்தோடு பேசிக்கொண்டிருந்த நம்மைத் தாயார் இடைமறித்தார்.

"பெருமையெல்லாம் சரிதாம்ப்பா. நம்ம ஊர்ச் சாக்கடையையும் அதே ஆத்துலேதானே விடுறோம்? அதையும் சேர்த்துத்தானே இவுக குடிக்கிறாக?"

நமக்குப் பதில் வரவில்லை. பாலத்தின்மேல் மூக்கை மூடிக்கொண்டபோது மதுரைக்காரர்களைத்தான் மனத்துக்குள் ஏசினோம். மேலே இருப்பவன் கையையும் கழுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அப்பொழுது நினைவுக்கு வரவில்லை.

ஒரு நகரத்தின் முகத்தை ஒரு நாளில் பார்த்துவிடலாம். அது எதனால் உயிர் வாழ்கிறது என்பது, யாராவது கேட்டால்தான் தெரியவரும். ஆகவே நம் குடும்பங்கள் எந்த நகரத்துக்குச் சுற்றுலா சென்றாலும், கோபுரத்தின் உயரத்தைக் கேட்பதோடு, "இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? யார் அனுப்புகிறார்கள்? எப்படி அனுப்புகிறார்கள்?" என்றும் குழந்தைகளைக் கேட்கச் செய்யுங்கள்.

பிரியும்போது தாயார் கூடையில் மீதியிருந்த திராட்சையை வழிகாட்டியிடம் கொடுத்தார். "கழுவித் தின்னு தம்பி" என்றார்; சற்று நிறுத்தி, "நல்ல தண்ணியிலே" என்று சேர்த்துக்கொண்டார்.