பாட்டிலுக்குள் பூதம்

லால்குடியிலிருந்து தினமும் பாசஞ்சர் பிடித்துத் திருச்சிக்குப் போய் ஃபைல் தள்ளுகிற ஆசாமி நான். எனக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் லண்டனிலிருக்கும் மாமா பையனால் வந்த வினை.

அவன் வீட்டிலேயே பீர் போடுகிறான். அங்கே 1963-லேயே அதற்கு லைசென்ஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இங்கே போட்டால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகும். ஆகவே, நான் இஞ்சி பீரில் இறங்கினேன். இஞ்சி, எலுமிச்சை, பேக்கரி ஈஸ்ட், லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. காட்டூரில் ஆலையே வைத்திருக்கிற தாலுகா, சர்க்கரைக்கா பஞ்சம்!

மறுநாள் போன் போட்டேன். "பாட்டில்ல அடைக்கிறப்ப லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போடுடா. அப்பதான் கேஸ் பிடிக்கும்" என்றான்.

வெள்ளையா, நாட்டுச் சர்க்கரையா, கருப்பட்டியா? அம்மா ஓட்டு கருப்பட்டிக்கு. தட்டி, பாட்டிலுக்கு ஒரு துண்டு போட்டு, கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி... டமார்! மோட்டாரை நிறுத்த அம்மா அப்போதுதான் அடுப்படியை விட்டு வெளியே போயிருந்தாள். மாவுப் பாத்திரம் முழுக்கக் கண்ணாடி. காலண்டரில் ஒரு சில்லு, சரியாக அம்மாவின் கண் உயரத்தில். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ரிடையரான சித்தப்பா வந்து பார்த்தார்.

"பீர்ல ஈஸ்ட் முதல் சர்க்கரையைத் தின்னு முடிச்சிருக்கும். அதான் புதுசா 6 கிராம், அளந்து போடறான். உன் பாட்டில்ல பழைய 100 கிராம் அப்படியே கெடக்கு! அது பூரா புளிச்சா 25 லிட்டருக்கு மேல கேஸ்டா. ஒரு லிட்டர் பாட்டில் தாங்குமா?"

"அப்ப கருப்பட்டி?"

"வாசனைக்குக் கொதிக்கறப்ப போடு. அதுல ஈரம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு கட்டிக்குக் கட்டி மாறும். கேஸுக்கு வெள்ளைச் சர்க்கரைதான் கணக்கு. குளுக்கோஸ் பவுடர்னா பத்துல ஒரு பங்கு கூட. எதுவானாலும் பாகாக்கி, ஆறவிட்டு, மொத்தத்துலயும் கலந்துட்டு அப்புறம் ஊத்தணும். பாட்டிலுக்கு ஒரு துண்டுன்னு போட்டா ஒண்ணு சவசவன்னு இருக்கும், இன்னொண்ணு வெடிக்கும்."

(இதை லண்டன்காரனும் சொல்லியிருக்கலாம்!)

இப்போது இஞ்சி பீருக்குக் கூடுதல் சர்க்கரையே கிடையாது. பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் மாம்பழம் மாதிரி அமுக்கிப் பார்ப்பேன். கல்லு மாதிரி இருந்தால் உடனே ஃபிரிட்ஜ். திருச்சி வெயிலில் ஒருநாள் தாமதமும் ஆபத்து.

அம்மாவுக்கு ருசி பிடித்துவிட்டது. ஆனால் அடுப்படிக்குள் அனுமதி இல்லை. பாட்டில்கள் என் ஷூ ஸ்டாண்டில்தான் குடியிருக்கின்றன.