நம் விதையும் உலக உடன்படிக்கையும்

வேம்பு நமக்குப் புதிதன்று. ஆயினும் வேப்பெண்ணெயால் பூஞ்சாண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் ஒரு கம்பெனியும் 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. அம்முறை இந்தியாவில் முன்னரே வழங்கியது என்று எடுத்துக்காட்டப்பட்டது. 2000-இல் உரிமை ரத்தாயிற்று; 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கையின் சாரம் யாதெனில், ஒரு நாட்டின் உயிர்ச்செல்வம் அந்நாட்டின் உரிமைக்கு உட்பட்டது. அதனால் பிறர் பெறும் ஆதாயத்தில் நியாயமான பங்கு அளித்தல் வேண்டும். 2010-ஆம் ஆண்டின் நகோயா உடன்பாடு இப்பங்கீட்டிற்கு விதிகள் வகுத்தது.

இதனையொட்டி நம் நாடு 2002-இல் சட்டம் இயற்றியது. சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியின்றி அந்நியர் நம் தாவரங்களை ஆராய்ச்சிக்கோ வாணிபத்திற்கோ பெறலாகாது. உள்ளாட்சிதோறும் ஒரு குழு அமைந்து, அவ்விடத்துப் பயிர் வகைகளையும் அவை பற்றிய அறிவையும் பதிவேட்டில் எழுதவேண்டும். வாசுதேவநல்லூர்ப் பேரூராட்சிக்கும் இது பொருந்தும்.

திருநெல்வேலிச் சீமையின் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி விதைத்தவரும், அதன் நூலை நெய்தவரும் தாம் அறிந்ததைச் சொல்லாவிடில், அப்பதிவேடு வெற்றேடே. ஆகவே அங்கத்தினர்கள் முதியோரைக் கேட்டு, அக்குழுவினரிடம் எழுதுவிப்பார்களாக. கணக்கில் ஏறாத வரவை எவரிடமும் கோர இயலாது என்பதைச் சங்கத்தாராகிய நாம் நன்கறிவோம்.