படகுச் சொந்தக்காரர்களுக்கு ஒரு நாள் பள்ளி

சாலையில் போகும் லாரியின் எஞ்சின் நின்றால் லாரியும் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கைத் தேடிப் போகலாம். கடலில் எஞ்சின் நின்றால் படகு நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் அதைத் தம் போக்கில் இழுத்துச் செல்லும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரோட்டம் மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் கரையை நோக்கி ஓடுகிறது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆகவே படகு மணிக்கு 3.7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பாறைகள் நிறைந்த கரை ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் படகு அதன்மேல் போய் மோத 16 நிமிடங்கள் ஆகும்.

இந்தப் பதினாறு நிமிடத்தில் என்ன செய்யலாம்? முதல் வேலையாக நங்கூரம் பாய்ச்சலாம்; அடித்தரை அதைப் பிடித்துக்கொண்டால் நல்லது. பாய் இருந்தால் விரிக்கலாம். வானொலிக் கருவியில் உதவி கேட்கலாம். அல்லது எஞ்சின் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து அதை மறுபடியும் ஓட வைக்கலாம். படகு வைத்திருக்கும் சாதாரண மனிதர் ஒருவருக்கு இந்தக் கடைசி வழியைக் கற்றுத்தர முடியுமா? முடியும், அதுவும் ஒரே நாளில் முடியும் என்று பிரிட்டனில் பல பயிற்சிப் பள்ளிகள் நடத்திக் காட்டி வருகின்றன.

பிரிட்டனில் பொழுதுபோக்குக்காகச் சொந்தப் படகு வைத்திருப்போர் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் மாலுமிகள் அல்லர். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். இப்படிப்பட்டோர் ஆபத்தில் சிக்கினால் ஓடிவந்து மீட்பதற்கென்று 1824இல் தொடங்கப்பட்ட உயிர்மீட்புப் படகு நிறுவனம் ஒன்று அங்கே இருக்கிறது. பொதுமக்களின் நன்கொடையில் நடப்பது அது. மீட்புப் படகுகளில் செல்வோரில் பெரும்பாலோர் தொண்டர்கள். அவர்களுக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை புயலில் கவிழ்ந்த படகுகளிலிருந்து வருபவை அல்ல. எஞ்சின் நின்றுபோய்த் தவிக்கும் படகுகளிலிருந்து வருபவை.

எனவேதான் ராயல் யாட்டிங் அசோசியேஷன் என்னும் படகுச் சங்கம் டீசல் எஞ்சின் பற்றிய ஒரு நாள் வகுப்பைத் தன் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறது. இந்தச் சங்கம் 1875இல் தோன்றியது. இன்று பாய்ப்படகு, விசைப்படகுப் பயிற்சிகள் பலவற்றுக்கும் சான்றிதழ் அளிப்பது. டீசல் வகுப்பில் சேர முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இதை நடத்துகின்றன. வகுப்பறையிலேயே எஞ்சின் ஒன்று சட்டத்தின்மேல் பொருத்தப்பட்டு நிற்கும். கரும்பலகைப் பாடம் பாதி, ஸ்பானர் பிடித்துச் செய்வது பாதி. எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுவது இங்கே நோக்கமன்று. அதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். எஞ்சினுக்குள் காற்று, எரிபொருள், குளிர்நீர் ஆகியவை எவ்வழியே போகின்றன, எங்கே தடைப்படும், தடையை எப்படி நீக்குவது, இவ்வளவுதான் பாடம். இந்த மூன்றுக்குள்ளும் நாம் கல்லூரியில் படிக்கும் இயற்பியல் நிறையவே அடங்கியிருக்கிறது.

முதலில் காற்றைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வேகமாக அழுத்தப்படும் காற்று சூடேறும். டீசல் எஞ்சினின் உருளைக்குள் காற்று ஏறத்தாழ 18இல் ஒரு பங்கு பருமனுக்கு நொடிப்பொழுதில் அழுத்தப்படுகிறது. அதன் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போய்விடும். அந்தச் சூட்டில் டீசலை நுண்துளிகளாகப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினைப் போல் மின்பொறி தேவையில்லை. உப்புக்காற்றில் மின்கம்பிகள் எளிதில் கெட்டுப்போகும் கடலில் இது பெரிய வசதி. இந்த எஞ்சினை 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய ருடால்ப் டீசல், 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து காணாமற்போனார். சில நாட்களுக்குப் பின் அவருடைய உடல் கடலில் காணப்பட்டது. இன்று அதே கடற்பகுதியில் ஆயிரக்கணக்கான சிறு படகுகள் அவருடைய எஞ்சினை நம்பித்தான் செல்கின்றன.

அடுத்தது எரிபொருள். வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்தப் பாடந்தான், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். மூன்று உருளைகள் உள்ள சிறு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடி, மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டீசல் பீச்சப்படும். அப்படியானால் ஒரு மணியில் 2,70,000 பீச்சல்கள். 4 லிட்டரை இதனால் வகுத்தால் ஒரு பீச்சலுக்கு ஏறக்குறைய 15 கன மில்லிமீட்டர் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான டீசலை, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்கு அழுத்தத்தில், குறித்த கணத்தில் பீச்ச வேண்டும். நினைத்துப் பார்த்தால் வியப்பாக இல்லையா?

இப்போது பம்பின் அறைக்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்துவிட்டது என்று கொள்வோம். குமிழியின் பருமன் 200 கன மில்லிமீட்டர். அதாவது நான்கு சொட்டு. பம்பின் தண்டு ஒரு தள்ளலில் 50 கன மில்லிமீட்டர் இடத்தைச் சுருக்குகிறது. திரவம் மட்டும் இருந்தால் அது சுருங்க மறுத்து, அழுத்தம் மளமளவென்று ஏறிப் பீச்சுகுழலின் வால்வு திறந்துவிடும். குமிழி இருந்தால்? பாயில் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். 200 கன மில்லிமீட்டர் 150 ஆகச் சுருங்கும்போது அழுத்தம் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல் ஏறும், அவ்வளவுதான். 150 மடங்கு எங்கே, இது எங்கே! தண்டு பின்வாங்கியதும் குமிழி மீண்டும் விரிந்துகொள்ளும். தண்டு மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும்; டீசல் மட்டும் உருளைக்குள் போகாது. நம் ஊர்க் கிணற்றடி ஆயில் எஞ்சினில் ‘ஏர் பிடித்துக்கொண்டது’ என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான்.

இதற்குப் பரிகாரம் எளியது. டீசல் வடிகட்டியின் தலையில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைச் சற்றே தளர்த்திவிட்டு, ஏற்றுபம்பின் கைநெம்புகோலை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். பிறகு தெளிந்த டீசல் வரும். அப்போது திருகை இறுக்கிவிட்டு, அடுத்ததாகப் பம்பின்மேல் உள்ள திருகிலும் அதையே செய்ய வேண்டும். பெரும்பாலும் இதற்குள் எஞ்சின் கிளம்பிவிடும். படிக்கும்போது இரண்டு வரிதான். ஆனால் திருகு எங்கே இருக்கிறது, எத்தனையாம் எண் ஸ்பானர் அதற்குப் பொருந்தும், எவ்வளவு தளர்த்தினால் போதும் என்பதெல்லாம் கை பழகாமல் வராது. இருட்டில், ஆடும் படகில், டீசல் நாற்றத்தில் குமட்டிக்கொண்டு வரும்போது முதன்முதலாக அந்தத் திருகைத் தேடுகிறவரை எண்ணிப் பாருங்கள். செய்முறை வகுப்பு என்று ஒன்று வேண்டியிருப்பது இதனால்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவுமானியைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு வரும் மாணவர் திணறுவதும் இவ்வாறே.

இரண்டு எச்சரிக்கைகளையும் ஆசிரியர் இங்கே சொல்ல வேண்டும். பீச்சுகுழலிலிருந்து வரும் டீசல் தாரை தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடியது. அதன் முன்னே கையை நீட்டவே கூடாது. எஞ்சின் கிளம்பாமல் ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், கடல்நீர் பம்பும் கூடவே சுற்றிப் புகைக்குழாயில் நீரை நிரப்பிவிடும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் அந்த நீர் பின்னோக்கி உருளைக்குள் புகலாம். நீர் சுருங்காது, ஆகவே எஞ்சினின் தண்டு வளையும். பலமுறை சுழற்ற நேர்ந்தால் கடல்நீர்க் குழாயை மூடிவைத்து, எஞ்சின் கிளம்பிய உடனே திறந்துவிட வேண்டும்.

நல்ல வானிலையில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் கடல் கொந்தளிக்கும்போது பார்த்து ஏன் நிற்கிறது? இது கெட்ட நேரம் அன்று. அடர்த்தி செய்யும் வேலை. டீசலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.85. தொட்டிக்குள் கசிந்தோ காற்றின் ஈரம் குளிர்ந்தோ சேரும் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அந்த நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய கசடு உண்டாகும். மாதக்கணக்கில் அமைதியாகக் கிடந்த கசடு, படகு குலுங்கியதும் கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். வடிகட்டியின் அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைப் புறப்படுமுன் ஒரு தரம் பார்த்து, தேங்கிய நீரை வடித்துவிடுவது அரை நிமிட வேலை.

மூன்றாவது குளிர்நீர். மணிக்கு 4 லிட்டர் டீசல் எரிந்தால் அதிலிருந்து வரும் ஆற்றல் சுமார் 40 கிலோவாட். இதில் மூன்றில் ஒரு பங்குதான் படகைத் தள்ளப் பயன்படும். ஒரு பங்கு புகையோடு போகும். எஞ்சிய பங்கைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கிலோவாட் தண்ணீர்ச் சூடேற்றிகள் பதின்மூன்றை ஒரு சிறு பெட்டிக்குள் ஓயாமல் எரியவிட்டால் எவ்வளவு வெப்பமோ, அவ்வளவு வெப்பம்! அந்நீரை ஓட்டுவது உள்ளங்கை அளவு ரப்பர்ச் சக்கரம். அதன் இதழ்கள் வளைந்தும் நிமிர்ந்தும் நீரை உறிஞ்சித் தள்ளுகின்றன. அவற்றுக்கு மசகும் அந்த நீரேதான். உறிஞ்சுவாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால் சில நிமிடங்களில் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். வகுப்பில் இந்தச் சக்கரத்தை ஒவ்வொருவரும் கழற்றி மாட்டிப் பழகுகிறார்கள். பிய்ந்த இதழ்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் பாடம். காணாமற்போன துண்டு குழாய்க்குள்தான் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சினைக் கிளப்பியதும் படகின் பின்னே எட்டிப் பார்த்து, புகையோடு நீரும் துப்புகிறதா என்று கவனிப்பது பழகிய படகுக்காரரின் அடையாளம்.

எண்ணெய் மாற்றுவது, பெல்ட்டின் இறுக்கம், மின்கல அடுக்கின் இணைப்புகள் ஆகியவை மோட்டார் வண்டி வைத்திருப்போர் அறிந்தவையே. குளிர்காலத்தில் குழாய்களில் தங்கும் நீர் உறைந்து விரிந்து இரும்பைப் பிளந்துவிடாமல் காப்பது அந்நாட்டார் கவலை. ஆனால் கடலுக்கே உரிய பகைவன் ஒன்று உண்டு. உப்புநீரில் இருவேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். வோல்டாவின் கலத்துக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. வெண்கல விசிறியும் எஃகுத் தண்டும் சேர்ந்து இப்படியொரு கலமாகும்போது ஏதேனும் ஓர் உலோகம் கரையத்தான் வேண்டும். எளிதில் கரையும் துத்தநாகக் கட்டி ஒன்றைத் தண்டோடு இணைத்துவிட்டால் அது கரைந்து மற்றவற்றைக் காக்கும்.

இந்த உபாயம் ஹம்ப்ரி டேவியுடையது. ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடுகள் அரிக்கப்படுவதைத் தடுக்க 1824இல் துத்தநாகத்தையும் இரும்பையும் பதித்துப் பார்த்தார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் பாசியும் கொட்டலசும் மண்டிக் கப்பல்களின் வேகம் குறைந்தது! கரைந்துகொண்டிருந்த செம்புதான் அவற்றை அதுவரை கொன்றுவந்தது. கடற்படை அத்திட்டத்தைக் கைவிட்டது. கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைய படகுக்காரர் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் புதிதாக ஒன்றை மாட்டுகிறார். சிலர் படகுக்கு வண்ணம் பூசும்போது அந்தக் கட்டிக்கும் சேர்த்துப் பூசிவிடுவதுண்டு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் நீரைத் தொடாத துத்தநாகம் கரையாது, எதையும் காக்காது.

ஒரு நாள் வகுப்புக்கு எல்லைகளும் உண்டு. கணிப்பொறி கட்டுப்படுத்தும் புதுவகை டீசல் எஞ்சின்களில் பீச்சும் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேல். அங்கே குழாய்த் திருகைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. வடிகட்டி, குளிர்நீர், பெல்ட் இவற்றோடு சொந்தக்காரர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் மீன்பிடிக் கலங்களுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க 1963இல் கொச்சியில் மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. ‘சிஃப்நெட்’ என்று அழைக்கப்படும் அதற்கு 1968 முதல் சென்னையிலும் கிளை உண்டு. அங்கே மெரைன் ஃபிட்டர் என்னும் பிரிவில் படிப்போர் எஞ்சினை முழுமையாகவே கற்கின்றனர். நம் கரையோரத்துக் கண்ணாடியிழைப் படகுகளில் பலவற்றை ஓட்டுவது நீண்ட தண்டோடு கூடிய சிறு டீசல் எஞ்சின். இவ்வகையில் பல காற்றாலேயே குளிர்பவை. அவற்றில் ரப்பர்ச் சக்கரம் இல்லை, ஆகவே நீர்ப்பாடமும் இல்லை. காற்றுக்குமிழிப் பாடம் மட்டும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அப்படியே பொருந்தும். கடற்கரைப் பக்கம் போகும் மாணவர்கள் படகுக்காரரிடம் கேட்டு, வடிகட்டியின் தலையில் உள்ள அந்தச் சிறு திருகைப் பார்த்துவிட்டு வரலாம்.